கோலின் இல்லாத தட்டு

காபியில் பட்டை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், வக்கீலய்யா, பொறுத்துக்கொள்ளுங்கள். மண்பானையில் வெல்லம் போட்டுக் காய்ச்சியது. அந்த நாற்காலி ஆடும். இந்தப் பக்கம் உட்காருங்கள். ஒலிப்பதிவுக் கருவியை மேசை மேலேயே வையுங்கள். எனக்குக் கூச்சமில்லை. இந்த வீட்டில் இரண்டு மாதமாகச் சுவர் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு உங்கள் கருவி எவ்வளவோ மேல்.

நெரெய்தா பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தில் ஒரே வரிதான் இருந்தது என்றீர்கள். "கோலின் பாட்டிலைப் பற்றித் தோன்யா தென்ச்சாவிடம் கேளுங்கள்." தென்ச்சா நான்தான், தோன்யா என்பது அவள் வைக்கிற மரியாதை. நல்ல பெண். முடிவுகளைப் பொய்யாகக் காட்டினாள் என்று பதினான்கு மாதத்துக்கு முன்னால் அவளை நீங்கள் வெளியே தள்ளினீர்கள். வேறு யாராவது என்றால் பத்துப் பக்கம் அழுது எழுதியிருப்பார்கள். அவள் ஒரு வரி எழுதினாள். நீங்களும் வந்து கேட்டீர்கள். சொல்கிறேன்.

முதலில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே குவெர்னவாக்கா சந்தையில் அவளுக்கு வற்றல் மிளகாய்க் கடை. தராசு நேராக நின்ற பிறகு, பொட்டலம் கட்டுகிற நேரத்தில், மேலே இரண்டு மிளகாயைக் கொசுறாகப் போடுவாள். வாங்குகிறவள் கேட்க மாட்டாள். கேட்காமல் போட்டால்தான் அது கொசுறு. எனக்கு எட்டு வயது. "ஏம்மா சும்மா தூக்கிக் குடுக்கிற?" என்று கேட்டேன்.

"சும்மாவா? போடி மக்கு. நிறுத்துப் போட்டது அவளுக்கு. மேல போட்டது எனக்கு. நாளைக்கு அவ பக்கத்துக் கடையில போய் நிக்கட்டும் பாப்போம். கால் கூசும் அவளுக்கு."

அவ்வளவுதான் என் படிப்பு. மீதியைப் பள்ளிக்கூடத்தில் ஏதோ சொன்னார்கள்.

உங்கள் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மையத்தில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். என் அறைக்குப் பெயரே சமையலறை. பாக்டீரியா தின்கிற சாப்பாட்டை நிறுத்து, கலக்கி, காய்ச்சி, கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி, லேபிள் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. வளர்ந்து முடிந்த தட்டுகளை ஆட்டோகிளேவில், அதாவது ஆள் உயரப் பிரஷர் குக்கரில், வேகவைத்துக் கொன்று கழுவுவதும் நான்தான். பிறப்பும் சாவும் என் கையில், நடுவில் நடப்பது மட்டும் டாக்டர்கள் கையில் என்று வேடிக்கையாகச் சொல்வேன். ஒரு பாட்டிலில் என் கையெழுத்து இருந்தால் அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அப்படி ஒரு பெயர் எனக்கு.

நெரெய்தாவின் ஆராய்ச்சி உங்களுக்குப் புரிய வேண்டுமே. பீன்ஸ் செடியின் வேரில் குடியிருக்கிற ஒரு பாக்டீரியா. அதன் தோல் கொழுப்பால் ஆனது. அந்தத் தோலுக்கு ஒரு குறிப்பிட்ட கொழுப்பு வேண்டும். கோலின் கொழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் பூச்சி பிழைக்காது. அதைச் செய்ய உள்ளே இரண்டு நொதிகள். நம் தெருவில் இரண்டு பெண்கள் சோள ரொட்டி தட்டுகிற மாதிரி. ஒருத்தி சோளத்தை வீட்டிலேயே சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, தானே அரைத்துத் தட்டுகிறாள். இன்னொருத்தி ஆலையில் அரைத்த மாவை வாங்கி வந்து தட்டுகிறாள். அந்த வாங்குகிற மாவுதான் கோலின். நெரெய்தாவின் வழிகாட்டி டாக்டர் லெதெஸ்மா முதல் பெண்ணின் கையை ஒடித்துவிட்டார், அதாவது அந்த நொதியை முடக்கிவிட்டார். இரண்டாமவளுக்கோ மாவு வேண்டும். கோலின் போடாத தட்டில் வைத்தால் இருவருமே சும்மா உட்கார்ந்திருப்பார்கள், பாக்டீரியா பட்டினி கிடக்கும்.

நெரெய்தா தேடியது மூன்றாவது பெண்ணை. அப்படி ஒரு நொதி எங்கோ தூங்கிக்கொண்டிருக்கிறது, மரபணுவை அங்கங்கே உடைத்துப் பார்த்தால் எழுந்துவிடும் என்பது அவள் எண்ணம். இருபதாயிரம் விதமாக உடைத்தாள். இருபதாயிரத்தையும் கோலின் இல்லாத தட்டில் பரப்பினாள். எதுவும் வளரவில்லை.

"மூணாவது நொதியா?" என்பார் டாக்டர். "உனக்கு மூணாவது கை முளைச்சிருக்குன்னு சொல்லு, அதையாவது நம்பறேன்."

"முளைச்சா நல்லதுதான் டாக்டர். இருக்கிற ரெண்டும் தட்டு தேய்ச்சே தேஞ்சுபோச்சு" என்பாள்.

சக்கடேகாஸ் பக்கம், பீன்ஸ் விளைகிற மேட்டு நிலத்துப் பெண். அப்பா பீன்ஸ் விவசாயி. மதியம் இரண்டு மணிக்கு என் சமையலறைக்கு வந்து என்னோடு சாப்பிடுவாள். "உங்க சமையலைப் பாக்டீரியாதான் மிச்சம் வைக்குது தோன்யா, நானும் வைக்கலாமா?" என்று கேட்டபடி என் டப்பாவில் கை வைப்பாள். மூன்றரை வருஷம், ஒரு நாள் தவறாமல். என் மகள் சிகாகோவில் இருக்கிறாள். சௌக்கியமாகத்தான் இருப்பாள்.

ஒரு மார்ச் மாத வெள்ளிக்கிழமை, சின்னக் கள்ளிச் செடித் தொட்டி ஒன்றை எனக்குக் கொண்டுவந்தாள்.

"என்ன கண்ணு இது?"

"லஞ்சம். நான் சொல்லப்போறதைக் கேட்டுத் திட்டக் கூடாது. முடிவு பண்ணிட்டேன் தோன்யா. போதும். திங்கக்கிழமை டாக்டர்கிட்ட சொல்லிடுவேன். இருக்கிறதை வச்சுச் சின்னப் பட்டத்தை வாங்கிக்கிட்டு ஊருக்குப் போறேன். எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல உயிரியல் டீச்சர் இடம் காலி."

"அப்போ மூணாவது நொதி?"

"அது எங்க தூங்குதோ அங்கேயே தூங்கட்டும். ஃபெர்மின் வீட்டுக்குக் கூரையே போட்டுட்டான். டிராக்டர் ரிப்பேர் பண்றவன் போட்ட கூரை, மழை பெஞ்சாத்தான் லட்சணம் தெரியும். நீங்க கல்யாணத்துக்கு வரணும், இப்பவே சொல்லிட்டேன்."

அவள் சிரித்தாள். மூன்றரை வருஷம் தோற்ற ஒரு பெண் சிரிக்கிறாள் என்றால் உள்ளே எவ்வளவு நொறுங்கிப்போயிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். அவ்வளவு துயரத்திலும் தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்டாள். என்னால் தாங்க முடியவில்லை.

கோலின் வெள்ளைப் பொடி. காற்றுப் பட்டால் கசிந்துபோகும், லேசாக மீன் வாடை அடிக்கும். அவள் கை கழுவப் போன நேரத்தில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து, அவளுடைய கடைசி அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்து, ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு விட்டேன். அவள் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அந்தச் சொட்டைச் சுற்றி மூன்று புள்ளிகள் முளைத்திருந்தன. அவள் போட்ட கூச்சலில் கீழ்த்தளத்துக் காவலாளி ஓடிவந்துவிட்டான். என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். எழுபத்தெட்டுக் கிலோ அப்போது நான். "உங்க கை ராசி தோன்யா, உங்க கைதான்" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள்.

மூன்றில் நன்றாக வளர்ந்ததற்குப் பதினேழு என்று பெயர் வைத்தாள். டாக்டர் நம்பவில்லை, மூன்று முறை திரும்பச் செய் என்றார். அவள் மூன்று முறை செய்தாள். நானும் மூன்று முறை செய்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிற பழைய பாக்டீரியாவின் தட்டில் மற்றப் பூச்சிகளைக் கொல்கிற மருந்து ஒன்றுதான் கலக்க வேண்டும், பதினேழின் தட்டில் இரண்டு. ஆகவே இரண்டையும் தனித்தனிப் பாட்டிலில்தான் காய்ச்சுவேன். எதில் கொசுறு போட வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. பழையது செத்தது, பதினேழு செழித்தது. கொழுப்பைப் பிரித்துப் பார்த்தால் கோலின் கொழுப்பு கரும்புள்ளியாகப் பளிச்சென்று நின்றது. வீட்டில் ரொட்டி மணக்கிறது, அடுப்பருகே ஆளில்லை. அப்படியானால் மூன்றாவது பெண் இருக்கத்தானே வேண்டும்? டாக்டரே ஒப்புக்கொண்டார்.

பள்ளிக்கூட வேலைக்கு அவள் போகவில்லை. ஃபெர்மின் ஒன்றரை வருஷம் காத்திருந்துவிட்டு, கூரையை வீணாக்க மனமில்லாமல் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அன்றைக்கும் என்னோடுதான் சாப்பிட்டாள். தன் பிறந்தநாளுக்கு நான் கொடுத்த சமையலறைச் சாவியைக் கழுத்தில் மாட்டியிருப்பாள். எந்த நேரமும் வரலாம் அல்லவா.

அவள் அப்பா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கைபேசி எல்லார் கையிலும் வராத காலம். வீட்டார் என் சமையலறை எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவள் அம்மா. "அவருக்கு மூச்சு வாங்குது, புள்ளையை வரச் சொல்லுங்க." அன்று பதினேழின் கொழுப்பைப் பிரிக்கிற வேலை. பாதியில் விட்டால் ஒரு மாத உழைப்பு வீண். அவளுக்காகத்தான் யோசித்தேன். இரண்டு மணிக்குச் சாப்பிட வந்தாள். சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன். வெறும் வயிற்றில் கேட்கிற செய்தியா அது? சக்கடேகாஸுக்கு நேர்ப் பேருந்து பன்னிரண்டு மணிக்கே போய்விட்டிருந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் தலைமாட்டில் மெழுகுவர்த்திகள் பாதி எரிந்திருந்தன.

திரும்பி வந்தபோது ஆளே இளைத்திருந்தாள். "இந்த நொதிக்காக எல்லாத்தையும் குடுத்துட்டேன் தோன்யா. இனி இது ஒண்ணுதான்" என்றாள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

கட்டுரை வெளியானது. அதுதான் வினையாகிவிட்டது. உலகத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் பதினேழை அனுப்பு என்று கேட்டார்கள். அனுப்பினாள். அங்கே வளரவில்லை. "நம்ம சாப்பாட்டையும் சேர்த்து அனுப்பு கண்ணு, அங்கத்துத் தண்ணி ஒத்துக்கலை போல" என்றேன். ஒரு பாட்டில் போயிற்று, அதில் வளர்ந்தது. அந்தப் பாட்டில் தீர்ந்ததும் மறுபடி செத்தது. அவர்கள் மரியாதையாகத்தான் எழுதினார்கள். படித்தவர்கள் மரியாதையாக எழுதினாலே பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

டாக்டர் அவளைக் கூப்பிட்டார். "புது டப்பா, புதுத் தண்ணி, உன் கை. நான் பக்கத்துல நிப்பேன். தென்ச்சா, நீங்க ரெண்டு வாரம் லீவு எடுத்துக்கங்க. நீங்க இருந்தா இவளுக்குத் தாயைப் பாத்த மாதிரி அழுகை வரும்."

முதல் வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்வில் அத்தனை நீளமான வாரம் கிடையாது. பாத்திரங்களைத் துலக்கினேன். மறுபடி அவற்றையே துலக்கினேன். பதினேழு பட்டினியில் செத்துக்கொண்டிருந்தது, அங்கே போய் ஒரு சிட்டிகை போட எனக்கு வழியில்லை.

ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது. தட்டுகள் காலி. பழைய கோலின் பாட்டில் பாதிக்கு மேல் காலியாகியிருப்பதையும் யாரோ பார்த்துவிட்டார்கள். உங்கள் விசாரணைக் குழு உட்கார்ந்தது. என்னையும் கூப்பிட்டார்கள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தென்ச்சா," என்றார் டாக்டர். "அந்தப் பாட்டில் இருந்த சமையலறையை யாரெல்லாம் திறக்க முடியும்?"

"சாவி ரெண்டு டாக்டர். ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு அந்தப் புள்ள கழுத்துல தொங்குது. நானேதான் குடுத்தேன்."

இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. பதிவு இருக்கும், எடுத்துப் பாருங்கள். அதற்கு மேல் யாரும் என்னைக் கேட்கவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். இருபத்தொன்பது வருஷம் என் லேபிளை நம்பியவர் அல்லவா.

வெளியே நடைபாதையில் அவள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். உதடு வெடித்திருந்தது. "தோன்யா, நான் அதைத் தொடவே இல்லை. நீங்களாவது நம்புறீங்களா?"

"நான் நம்பறேன் கண்ணு. இந்தக் கட்டடத்துல நான் ஒருத்திதான் நம்பறேன்."

ஊருக்குப் போக அவளுக்கு முகமில்லை. அப்பா இல்லை, ஃபெர்மின் இல்லை, பள்ளிக்கூட வேலையில் வேறு ஆள். இந்த வீட்டின் பின்னறையைக் கொடுத்தேன். நானும் வேலையை விட்டுவிட்டேன். பதினோரு மாதம் இருந்தாள். முதலில் சாப்பிடவே மாட்டாள், கரண்டியால் ஊட்டினேன். தலை வாரிவிட்டேன். பகல் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி, "எங்க தப்பு பண்ணேன், எந்த அடியில தப்பு பண்ணேன்" என்று முதல் நாளிலிருந்து ஒவ்வொரு சோதனையாகச் சொல்லிப் பார்ப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். யாருக்காவது நாம் வேண்டியிருக்கிறோம் என்பது பெரிய விஷயம், வக்கீலய்யா. என் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள் அவை. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன்பு, இதே மேசையில் உட்கார்ந்து பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் முந்தின நாள் பீன்ஸ் கொதித்தது. உப்புப் போட்டேன், ருசி பார்த்தேன், "சரியா இருக்கு" என்று மூடினேன். பிறகு மூடியைத் திறந்து இன்னும் ஒரு சிட்டிகை போட்டேன்.

"சரியா இருக்குன்னீங்களே?"

"சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு?"

"கைப் பழக்கம் கண்ணு. எனக்கு எதையும் அளவோட நிறுத்த வராது. எங்கம்மா கைவாகு."

"எப்பவுமா?"

"எப்பவும்தான்."

பொறுக்குகிற சத்தம் நின்றுவிட்டது. நான் திரும்பவில்லை.

"லேப்லயுமா தோன்யா?"

கரண்டி பானையின் அடியில் இடித்தது. நான் கிண்டிக்கொண்டே இருந்தேன். பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். மறுநாள் காலையில் பின்னறைக் கட்டிலின் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. மேசைமேல் அந்தச் சாவி. அவள் பங்கு பீன்ஸ் தட்டில் அப்படியே காய்ந்துபோயிருந்தது.

ஆக, பாட்டிலைத் தொட்டது நான். அவள் தொடவில்லை. நிதானமாகத்தான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளிடம் நான் எதையும் எதிர்பார்த்ததில்லை. கொடுத்துத்தான் பழக்கம் எனக்கு.

எழுந்துவிட்டீர்களே? உட்காருங்கள். கருவியை அணைக்க வேண்டாம். இனிச் சொல்வது நீங்கள் கேட்காதது.

பதினேழு செத்த அந்த ஐந்தாம் நாளுக்குப் பிறகு தட்டுகளை யாரும் சீந்தவில்லை. அந்தக் கடைசிச் சோதனையில் நெரெய்தா பதினேழை மட்டும் வைக்கவில்லை. மூழ்குகிறவள் கையில் கிடைத்ததையெல்லாம் பிடிப்பாளே, அப்படிப் பழைய இருபதாயிரத்தையும் உறைபெட்டியிலிருந்து எடுத்துத் தானே காய்ச்சிய தட்டுகளில் பரப்பியிருந்தாள். எல்லாம் மூலையில் அடுக்காகக் கிடந்தன. ஒன்பதாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள், வேகவைத்துக் கழுவுங்கள் என்று. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அதுவும் கைப் பழக்கம்தான்.

ஒன்றில் ஒரு புள்ளி இருந்தது. கடுகைவிடச் சின்னது. பாலில் மஞ்சள் ஒரு துளி விழுந்த நிறம். நான் தொடாத தட்டு அது. என் மூச்சுக்கூடப் படாத தட்டு, கோலின் இல்லாத தட்டு. அவள் கையெழுத்து மட்டும் இருந்தது.

தூசி விழுந்து வளர்ந்ததாக இருக்கலாமே என்று, அவள் காய்ச்சியதில் மிச்சமிருந்த வெறும் தட்டில் பல்குச்சியால் இழுத்துப் பார்த்தேன். ஒன்பது நாளில் வளர்ந்தது. மறுபடி இழுத்தேன். மறுபடி வளர்ந்தது. மெதுவாக, சோம்பேறித்தனமாக, ஆனால் வளர்ந்தது. முன்பெல்லாம் ஐந்தாம் நாளே தட்டுகளைக் கழுவிவிடுவேன், அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. மூன்றாவது பெண் எழுந்துவிட்டாள். விசாரணைக் குழு உட்கார இன்னும் ஒரு வாரம் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஒரு பொய் நம்பிக்கையால் அந்தப் பெண் பட்டபாடு போதாதா? மறுபடி ஒரு புள்ளியைக் காட்டி அவளை எழுப்பிவிடுவது என்ன நியாயம்? மனசாட்சி உள்ளவர்கள் செய்கிற காரியமா? அதுவும் நிஜமாகிவிட்டால் ஜெர்மனிக்கு வா, பிரேசிலுக்கு வா என்று இழுத்துக்கொண்டு போவார்கள். இளைத்துப்போன உடம்பு. அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள்? எல்லாத் தட்டையும் ஆட்டோகிளேவில் அடுக்கினேன். நூற்றிருபத்தொரு டிகிரி, இருபது நிமிஷம். மறுவாரம் குழுவின் முன்னால் போய்ச் சாவியைப் பற்றிச் சொன்னேன்.

தட்டுகளை வேகவைப்பதற்கு முன்னால் அந்தப் புள்ளியில் கொஞ்சம் எடுத்து ஒரு சின்னக் குழாயில் போட்டு உறைபெட்டிக்குள் வைத்தேன். பதறாதீர்கள், உயிரோடுதான் இருக்கும். அங்கே நாற்பதாயிரம் குழாய் இருக்கிறது. எல்லாவற்றிலும் என் கையெழுத்துதான். எந்தப் பெயரில், எந்தப் பெட்டியில் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போதெல்லாம் அந்த உறைபெட்டி முனகுகிறதாம். மழைக்காலம் தாண்டாது என்று காவலாளி சொன்னான். நாள் அதிகமில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பெயரா? அவசரப்படுகிறீர்களே. நீங்கள் கேட்க வந்தது பாட்டிலைப் பற்றி. அதை நிறுத்துக் கொடுத்துவிட்டேன். இது மேலே போட்டது.

வியாழக்கிழமை வாருங்கள். வியாழன் என்றால் இந்த வீட்டில் பச்சைப் பொசோலே, சோளம் போட்ட சூப். சோளத்தை ராத்திரியே ஊறவைத்துவிடுவேன். அவளையும் அழைத்து வாருங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்த ஆடாத நாற்காலி அவளுடையதுதான். அன்றைக்கு நீங்கள் அந்த ஆடுகிறதில் உட்கார்ந்துகொள்ளலாம். வரமாட்டேன் என்றால் குழாயைப் பற்றிச் சொல்லுங்கள், வருவாள். முதலில் சாப்பிடட்டும். தட்டைக் காலி செய்யட்டும். பிறகு சொல்கிறேன். வெறும் வயிற்றில் கேட்கிற செய்தியா அது?